அரக்குப் பட்டும் அரைக்கையும்

“உங்க கலருக்கு இந்தச் சந்தனக் கலர் ரொம்ப எடுப்பா இருக்கும், மேடம்” என்றார் விற்பனையாளர்.

“எந்தக் கலருக்குங்க? எனக்குத்தான் ரெண்டு கலர் இருக்கே” என்றாள் அருணாதேவி.

பாதி பிரித்த புடவையோடு அவர் நின்றுவிட்டார். அருணாதேவி சுடிதார் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக் கையை விளக்குக்கு நேரே நீட்டினாள். மாநிறக் கை. மணிக்கட்டில் தொடங்கி முழங்கையைத் தாண்டியும் சிறிதும் பெரிதுமாக வெண்புள்ளிகள்.

“ரெண்டுத்து மேலயும் வச்சிப் பாத்துதானே எடுக்கணும்?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ரேணுகாம்பாள் யாருக்கும் தெரியாமல் அவள் தொடையைக் கிள்ளினாள். எதிரே, மாமியாராக வரப்போகும் ஜோதியம்மாள் மாடிப்படிப் பக்கம் யாராவது தெரிந்தவர்கள் ஏறி வருகிறார்களா என்று பார்த்தாள். மாப்பிள்ளை கலையரசன் தலையைக் குனிந்து ஒரு புடவையின் ஜரிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

சித்திரை மாதம். தேரடித் தெருவில் நடமாட முடியாத அளவுக்கு வெயில். முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்பதால் ஜோதியம்மாள்தான் முன்னால் உட்கார்ந்து புடவைகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அருணாதேவியின் கண் முதலிலேயே ஓர் அரக்கு நிறத்தில் போய் நின்றிருந்தது. ஜோதியம்மாள் அதைத் தொடவே இல்லை.

“அரக்குல கை இன்னும் பளிச்சுனு தெரியும் கண்ணு” என்றாள் தாழ்ந்த குரலில். அவள் குரலில் கடுமை ஒன்றுமில்லை. “சந்தனம்னா எல்லாம் ஒண்ணாத் தெரியும். டிஷ்யூ பட்டு, கொஞ்சம் தடிப்பா நிக்கும். ஜாக்கெட்டு மணிக்கட்டு வரைக்கும் கை வச்சி, கழுத்த ஏத்தித் தெச்சிக்கலாம். இப்பதான் எல்லாப் பொண்ணுங்களும் அப்டி போட்டுக்குதுங்களே.”

“வைகாசி வெயில்லயா அத்த?”

“ரெண்டு மணி நேரம்தானே.”

அருணாதேவி கலையரசனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்தான், வாயைத் திறந்தான், பிறகு ஜரிகைக்கே திரும்பிப் போனான். அம்மாவின் கை இன்னும் தொடை மேலேயே இருந்தது. சந்தனக் கலர் புடவைக்குப் பில் போட்டார்கள்.

*

முதல் புள்ளி வந்தபோது அருணாதேவிக்குப் பதினான்கு வயது. அக்கம்பக்கத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தோல் டாக்டர் அந்தப் பெயரைக் கேட்டதும் கோபப்பட்டார். “குஷ்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வெண்புள்ளின்னு சொல்லுங்க. தொட்டா ஒட்டாது” என்றார். ரேணுகாம்பாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மகளின் பள்ளிச் சட்டைகளுக்கெல்லாம் முழுக் கை தைக்கக் கொடுத்தாள். அன்றிலிருந்து பதினைந்து வருஷமாக, ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அருணாதேவி முழுக் கைதான்.

வேலையிடத்தில் மட்டும் அவள் அதை விட்டுவிட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. சட்டைக் கையைச் சுருட்டாமல் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய முடியாது. வருகிறவர்களில் சிலர் அவள் கையைப் பார்த்துவிட்டு, “வேற யாராவது எடுக்கட்டும்மா” என்பார்கள். “வேற ஆள் சாயந்திரம்தான் வருவாங்க. அது வரைக்கும் சாப்புடாம ஒக்காந்திருக்கீங்களா?” என்று கேட்பாள். பெரும்பாலும் கையை நீட்டிவிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலோடு வந்தவன்தான் கலையரசன். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் அவன்தான் எலக்ட்ரீஷியன். அவள் கையை அவன் உற்றுப் பார்த்தான். “வலிக்குமா?” என்றான்.

“எது?”

“ஊசிங்க.”

அங்கே தொடங்கியது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகச் சின்னக் கடை வைத்திருந்த ஜோதியம்மாளிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பூ, பழத்தோடு பெண் பார்க்க வந்துவிட்டாள். அருணாதேவிக்கு அந்த நன்றி இருந்தது. அதனால்தான் கடையில் வாயை மூடிக்கொண்டாள்.

*

மூன்று நாள் கழித்து, ஜாக்கெட் துணி வெட்டாமல் சேர்ந்திருந்த அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு கடலைக்கடை மூலைக்குப் பக்கத்துச் சந்தில் ஜீனத்தின் தையல் கடைக்குப் போனாள். ஜீனத் அவளோடு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது மூன்று மெஷின் போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள்.

“உன் மாமியார் காலையிலயே போன் பண்ணிட்டாங்க” என்றாள் ஜீனத், டேப்பைக் கழுத்தில் போட்டபடி. “கை மணிக்கட்டு வரைக்கும், கழுத்து மேல ஏத்தி, முதுகுல ஜன்னல் கின்னல் ஒண்ணும் வேணாம்னு.”

“நீ என்னா சொன்ன?”

“ஆளப் பாத்து அளவு எடுத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன்னேன்.”

துணியை மேஜையில் விரித்தாள். விரலால் தடவினாள், பிறகு தன் முழங்கையின் உள்பக்கம் வைத்து நாலைந்து தடவை தேய்த்துப் பார்த்தாள். அந்த இடம் சிவந்துபோனது.

“இது பாக்கறதுக்குத்தான்டி. ஜரிகை ஜாஸ்தி, பட்டு கம்மி. இத மணிக்கட்டு வரைக்கும் ஒட்டின மாதிரி தெச்சா, கைய மடக்க நிமுத்த தோல அறுக்கும். லைனிங் குடுக்கலாம். குடுத்தா உள்ள வெந்துடும். நீ எப்டிப் போடுவ?”

அருணாதேவி தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். காலேஜ் படிக்கும்போது இறுக்கமாக வாட்ச் கட்டிய இடம். அந்தப் பட்டை உரசி உரசியே அங்கே புதுசாக ஒரு புள்ளி வந்தது. தோலை உரசும் துணி, இறுக்கமான பட்டை எதுவும் உனக்கு ஆகாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

“என்னை மறைக்க எடுத்த துணியே இன்னும் நாலு புள்ளி வர வச்சிடும் போலருக்கே” என்றாள்.

ஜீனத் கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். “இதுல கத்திரி பட்டுட்டா கடையில திரும்ப மாத்தித் தர மாட்டாங்க. சொல்லு. வெட்டறதா, வேணாமா?”

மெஷின்கள் இரண்டும் நின்றுவிட்டன. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் அருணாதேவியையே பார்த்தார்கள்.

“வெட்டாத” என்றாள் அவள்.

*

அன்று மதியமே செங்கம் ரோட்டுக்குப் போனாள். கலையரசன் ஒரு விடுதியில் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான். இருவரும் எதிரே இருந்த டீக்கடையில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

“கடையில ஏன் வாயத் தொறக்கல?”

“அம்மா மனசு கஷ்டப்படும்னு...”

“உங்கம்மா மனசு எனக்குத் தெரியும். உங்க மனசுல என்னா இருக்கு?”

அவன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றி வைத்தான். “மாமாவுக்குச் சொல்லல அருணா” என்றான் கடைசியில்.

கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் சகாதேவன், ஜோதியம்மாளுக்கு அண்ணன். கலையரசனின் அப்பா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவனைப் படிக்க வைத்தது அவர்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியதும் தாய்மாமனான அவர்தான். அவரிடம் பெண்ணைப் பற்றி எல்லாம் சொன்ன ஜோதியம்மாள் இதை மட்டும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரிந்தால் சொந்தத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள். தாலி கட்டி முடிந்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் முழுக் கை, அதற்குத்தான் சந்தனக் கலர்.

அருணாதேவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “அப்ப என்னைத் திருட்டுத்தனமா கட்டிக்கிட்டுப் போறீங்க.”

“அப்டி இல்ல...”

“வேற எப்டி? முகூர்த்தத்தன்னிக்கு ஒளிச்சி வைப்பீங்க. அப்பறம் எப்ப வெளிய எடுப்பீங்க? ஆடி விருந்துக்கா? தல தீபாவளிக்கா? கொழந்த பொறந்து அதும் கையப் பாக்க வர்றப்பவா?” அவள் எழுந்துவிட்டாள். “நான் ஒண்ணும் தப்பு பண்ணிட்டு வரல. இந்தக் கைலதான் தெனம் அம்பது பேருக்கு ரத்தம் எடுக்கறேன். புடவைய மாத்தப் போறேன். அப்பறம் பத்திரிகை வைக்க நானும் உங்க கூட மாமா ஊட்டுக்கு வருவேன், அரைக்கை போட்டுக்கிட்டு. அவரு பாக்கட்டும். அதுக்கு மேல கல்யாணம் வேணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க.”

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். கலையரசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. இருந்தாலும் வண்டிச் சாவியை எடுத்தான்.

“கடை மூணு மணிக்கு மேல கூட்டமாயிடும். இப்பவே போயிடலாம்” என்றான்.

*

அதே விற்பனையாளர்தான் இருந்தார். அருணாதேவியை மறக்கவில்லை. சந்தனக் கலரைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டு, “இப்ப எந்தக் கலருக்கு எடுக்கணும், மேடம்?” என்று கேட்டார். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சிரித்ததும் அவரும் சிரித்தார்.

“கலர் நான் முடிவு பண்ணிட்டேன். துணி உடம்புல உரசக் கூடாது. அது மட்டும் பாருங்க.”

அவர் ஏழெட்டு அரக்குகளை எடுத்துப் போட்டார். கெட்டியானதை, ஜரிகை பின்பக்கம் முடிச்சு முடிச்சாக நின்றதை எல்லாம் அவளே ஒதுக்கினாள். ஒவ்வொன்றையும் பிடரியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், அங்கேயும் அவளுக்குப் புள்ளிகள் உண்டு. ஆறாவது புடவை மென்பட்டு. கையில் எடுத்தால் பாரமே தெரியவில்லை. ஒரு விரல் அகலத்துக்குத்தான் ஜரிகைக் கரை, அதுவும் நீவிவிட்டாற்போல் படிந்து கிடந்தது. தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கடும் அரக்குக்குப் பக்கத்தில் கையின் வெள்ளை துலக்கமாகத் தெரிந்தது. ஜோதியம்மாள் சொன்னது சரிதான்.

“இதுதான்” என்றான் கலையரசன், அவள் கேட்பதற்கு முன்பே. விற்பனையாளரிடம் திரும்பி இன்னொரு தடவை சொன்னான். “இதையே போடுங்க.”

வீட்டில் ரேணுகாம்பாள் புடவையைப் பார்த்ததும் பதறினாள். “எதுக்குடி உனக்கு இந்த வம்பு? பதினஞ்சு வருஷமா உன்னை மூடி மூடிக் காப்பாத்துனேன்.”

“காப்பாத்தலம்மா. ஒளிச்ச. நானும் சேந்து ஒளிஞ்சேன். போதும்.”

ரேணுகாம்பாள் அழுதாள். அருணாதேவி சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் தானும் அழுது, அழுகையில் சம்மதித்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கலையரசன் வண்டியில் இருவரும் கீழ்பென்னாத்தூர் போனார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணே வந்து பத்திரிகை வைப்பது அந்தப் பக்கம் வழக்கமில்லை. வாசலில் காயப்போட்ட வேர்க்கடலையைக் கிளறிக்கொண்டிருந்த சகாதேவனின் மனைவி அன்புச்செல்வி, அவளைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, “வாம்மா, வா வா” என்றாள். அப்புறம்தான் அவள் பார்வை கைக்கு வந்தது. அருணாதேவி நீலப் பருத்திப் புடவையும் அரைக்கை ஜாக்கெட்டும் போட்டிருந்தாள்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சகாதேவனும் பார்த்தார். பேப்பரை மடித்தார்.

அருணாதேவி தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து, இரு கையாலும் நீட்டினாள். முறைப்படி அவர் அவளுக்குப் பெரியப்பா. “நீங்களும் பெரியம்மாவும் முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும், பெரியப்பா.”

அவர் கை எழவில்லை. “அந்த டீப்பாய் மேல வச்சிடும்மா.”

“கையில வாங்கிக்குங்க.”

அவர் மருமகனிடம் திரும்பினார். “ஏன்டா, இத உங்கம்மா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க இப்டிப் பேசுவீங்கன்னு பயந்துதான் மாமா” என்றான் கலையரசன்.

“பரம்பரையா வர்ற வியாதிடா இது. நாளைக்கு உன் புள்ளைக்கு வந்தா?”

“சில பேருக்கு வரும், நெறைய பேருக்கு வராதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு” என்றாள் அருணாதேவி. “வந்தாதான் என்னா, பெரியப்பா? என்னைப் பாருங்க. சாப்புடறேன், தூங்கறேன், வேலைக்குப் போறேன். புள்ளி எனக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல. பாக்கறவங்கதான் குடுக்கறாங்க.”

அன்புச்செல்வி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சகாதேவன் தாடையைத் தடவினார். பிறகு, நியாயமான ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி சொன்னார்.

“சரி. பேசி முடிச்சது முடிச்சதாவே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. பந்தல்ல கையக் கழுத்த மூடிக்கிட்டு வரணும். நம்ம ஜனம் பாத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா நான் வர்றேன்.”

தாம்பாளம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. தோள் வலிக்கத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்டீன்னா உங்களுக்கு அழைப்பு இல்லீங்க, பெரியப்பா.”

திரும்பி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் சகாதேவன் கத்துவது கேட்டது. கடலையை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து வாசலைத் தாண்டினாள். கலையரசன் பின்னால் வந்து வண்டியைக் கிளப்பும் வரை தாம்பாளத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பாதி வழியில் கலையரசன் வண்டியை ஒரு புளியமர நிழலில் நிறுத்தினான். “நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்” என்றான். “ஆனா எனக்கு மாமா போயிட்டாரு, அருணா. காலேஜ்ல சேக்க என் கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போனவரு.”

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

*

மறுநாள் மாலை ஜீனத் போன் செய்தாள். “உன் மாமியார் இங்க வந்து ஒக்காந்திருக்காங்க. நீ வந்தா நல்லது.”

அருணாதேவி போனபோது மேஜை மேல் தைத்து முடித்த அரக்கு ஜாக்கெட் இருந்தது. முழங்கைக்கு நாலு விரல் மேலேயே கை முடிந்தது. கழுத்து வட்டமாக இறங்கி, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைத்திருந்தது. தையல் மடிப்பெல்லாம் பட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவில் போகும்படி மடித்து, தோலில் எதுவும் படாதபடி ஜீனத் தைத்திருந்தாள்.

“இதுல கை ஒட்டுப் போட்டு நீட்டித் தரச் சொல்றாங்க” என்றாள் ஜீனத். “அளவு குடுத்தது அருணா, அவ சொன்னாத்தான் தொடுவேன்னு சொல்லிட்டேன்.”

ஜோதியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அருணாதேவியைக் கண்டதும் எழுந்தாள்.

“என்னைக் கேக்காம புடவைய மாத்தின. சரின்னு விட்டேன். எங்கண்ணன் ஊட்டுக்கே போயி தட்ட நீட்டிட்டுத் திரும்ப எடுத்துக்கிட்டு வந்தியாமே! அப்பன் இல்லாத புள்ளைக்கி அப்பனா நின்னவரு அவரு. தெரியுமா உனக்கு?”

“தெரியும் அத்த.”

“நேத்து போன்ல என்னா சொன்னாரு தெரியுமா? ‘முண்டச்சி, உனக்குப் பந்தல்ல யாரு நிக்கறாங்கன்னு பாக்கறேன்’னாரு. இத்தினி வருஷத்துல ஒரு நாளு அந்த வார்த்தைய அவரு வாயால சொன்னதில்ல.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒரு முழம் துணி. ஒரு முழம் துணி சேத்துத் தெச்சிருந்தா இதெல்லாம் கேட்டிருப்பேனா?”

அந்த வார்த்தை அருணாதேவியையும் சுட்டது. ஜோதியம்மாளின் சாம்பல் நிறப் புடவையைப் பார்த்தாள். அவளை இதுவரை வேறு நிறத்தில் பார்த்ததில்லை. நிச்சயதார்த்தத்தன்று கூட அவள் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

“யாரு நிக்கறதா? நீங்க நில்லுங்க அத்த.”

“நானா?”

“பெத்தவங்க நீங்க. கடை வச்சி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கண்ணு முழிச்சி வளத்தவங்க நீங்க. பட்டத்த நீங்களே கட்டுங்க.”

“பைத்தியமா உனக்கு? தாலி இல்லாதவ மேடையேறுனா ஊரு...”

“ஊரு என்னா சொல்லும்? என்னை மூடிக்கச் சொன்ன அதே ஊருதானே உங்களையும் பின்னாடி போயி ஒக்காரச் சொல்லிச்சி? இருபத்திரெண்டு வருஷம் ஒக்காந்தீங்க. அதுக்காவது நேத்து உங்கள ஒரு வார்த்த சொல்லாம விட்டாங்களா?” அருணாதேவி ஜாக்கெட்டின் கையைத் தொட்டுக் காட்டினாள். “நான் என்னாதான் மூடிக்கிட்டாலும் பேசறவங்க பேசத்தான் போறாங்க. அதுக்கு நான் ஏன் வேர்த்துச் சாவணும்?”

ஜோதியம்மாள் மேஜை மேல் இருந்த ஜாக்கெட்டை எடுத்து, கையை உள்ளே விட்டு, லைனிங்கைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

“இப்ப என்னாடி பண்றது?” என்றாள் ஜீனத்.

“ஊக்கு மட்டும் இன்னும் ரெண்டு வை” என்றாள் அருணாதேவி.

*

கல்யாணம் வரை ஜோதியம்மாள் அவளோடு பேசவில்லை. மாமா வரமாட்டார் என்ற செய்தி பரவி, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வர வேண்டிய இரண்டு வேன் ஒரு வேனாகக் குறைந்தது.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் அலங்காரம் செய்ய வந்த பெண், அருணாதேவியின் பிடரியைப் பார்த்துவிட்டு ஒரு குப்பியை எடுத்தாள். “ரெண்டு கோட்டு குடுத்தா ஒண்ணுமே தெரியாது மேடம்.”

அருணாதேவி வாயைத் திறப்பதற்குள், மூலையில் பூ கட்டிக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் சொன்னாள். “அது வேணாம்மா. எரியும். மூஞ்சிக்கு மட்டும் போடு.” மகளின் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் பூவுக்குக் குனிந்துகொண்டாள்.

அரக்குப் பட்டில், அரைக்கையில் அருணாதேவி மண்டபத்துக்குள் நடந்து வந்தாள். முன் வரிசையில் பேச்சு நின்றது, பின் வரிசையில் தொடங்கியது. அவளுக்கு அது காதில் விழுந்தது. தலையைக் குனியக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். மணவறையில் உட்கார்ந்ததும் கலையரசன் தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“மாப்பிள்ளையோட தாய்மாமன் வாங்க, பட்டம் கட்டணும்” என்று ஐயர் கூப்பிட்டார்.

யாரும் எழவில்லை. அவர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். தூரத்து உறவில் ஒருவரைச் சிலர் பிடித்துத் தள்ளப் பார்த்தார்கள். அவர் நழுவினார். நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பதென்று தெரியாமல் குழலை இறக்கினார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஜோதியம்மாள் எழுந்து வந்தாள். சாம்பல் நிறப் புடவைதான். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள், கடையில் வேலை செய்யும்போது செருகுகிற மாதிரி. மேடைப் படியில் ஒரு கணம் நின்றாள்.

“அம்மா, நீங்க...” என்று ஐயர் தயங்கினார்.

“எங்கம்மாதான் கட்டுவாங்க” என்றான் கலையரசன்.

அவள் ஏறினாள். பட்டத்தை எடுத்து மகன் நெற்றியில் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாம் தடவை அருணாதேவி தன் கையை நீட்டி நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். முடிச்சு நின்றது.

தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்துச் சொல்ல வரிசையில் வந்த ஒரு வயதான அம்மாள், அருணாதேவியின் கையைப் பிடித்துத் திருப்பி, “என்னாம்மா இது?” என்று சத்தமாகவே கேட்டாள்.

“வெண்புள்ளிங்க. ஒட்டாது. நீங்க சாப்ட்டீங்களா?” என்றாள் அருணாதேவி. அந்த அம்மாள் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு, பந்தி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நகர்ந்தாள்.

பந்தியில் மணமக்களுக்கு இலை போட்டிருந்தார்கள். பின் வரிசையில் ஒன்றுவிட்ட சொந்தக்காரி ஒருத்தி ஜோதியம்மாளைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவது அருணாதேவிக்குக் கேட்டது.

“ஏன் ஜோதி, முகூர்த்தப் புடவ நம்ம பக்கம்தானே எடுக்கறது? கொஞ்சம் மூடற மாதிரி பாத்து எடுத்திருக்கக் கூடாதா? யாரு இந்தக் கலர எடுத்தது?”

அருணாதேவி சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினாள்.

“நான்தான் எடுத்தேன்” என்றாள் ஜோதியம்மாள். “துணியத் தொட்டுப் பாத்தியா நீ? மென்பட்டு. வேர்வ நிக்காது. ஜாக்கெட்டுக்கு உள்ள தையலே தெரியாம தெக்கச் சொன்னேன். கட்டறவளுக்கு நல்லா இருந்தாப் போதும். உன் பொண்ணுக்கு எடுத்த மாதிரி கெட்டிப் பட்ட எடுத்து, மேடையிலயே மயக்கம் போட்டு விழணுமா?”

அருணாதேவி திரும்பிப் பார்த்தாள். ஜோதியம்மாள் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. “இந்த எலைக்கு ரசம் வரல பாருங்க! பொண்ணு மாப்பிள்ள எலைய விட்டுட்டு எங்க போறீங்க?” என்று பரிமாறுகிறவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

அருணாதேவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்காமல் சிரித்தாள்.